எதிர்ப்பக்கத்துக் கரண்டி

நான் இதைச் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. சொன்னவர் சிங்காரவேலு. என்னோடு இதே ஆலைக்குக் கரும்பு ஓட்டியவர். நடந்தது அவருடைய பெரியப்பாவுக்கு. சொல்லும்போது நடுநடுவே நிறுத்திவிடுவார்... பீடி அணைந்துபோகும், மறுபடி பற்றவைக்கமாட்டார். அந்த இடைவெளிகளில் நானே எதையாவது போட்டு நிரப்பியிருக்கலாம். வருஷம் முப்பத்துநாலா, முப்பத்தஞ்சா, அதுவும் தெரியாது. பாகூர்ப் பக்கமெல்லாம் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம். அது மட்டும் நிச்சயம்.

நமக்கு முன்னால் இன்னும் நிறைய வண்டி நிற்கிறது. விடிவதற்குள் நம் கரும்பு இறங்காது. கிட்டே வாங்க. சக்கையை ஒரு கை அள்ளி நெருப்பில் போடுங்க... போதும்.

இது ராத்திரியில் நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உச்சிப்பொழுது. பாகூரிலிருந்து கரையாம்புத்தூர் போகிற வண்டிப்பாதை. சித்திரை வெயில். பாதையில் ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. இரண்டு பக்கமும் அறுத்த வயல், தரை வெடித்துக் கிடக்கிறது. வண்டியின் அச்சு மட்டும் கிரீச்... கிரீச்... என்று கத்திக்கொண்டு வருகிறது. ஓட்டுகிறவர்தான் அந்தப் பெரியப்பா, பேர் ஆதிமூலம். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர். மாட்டின் மேல் கை ஓங்கமாட்டார். அன்றைக்கு அடித்து ஓட்டினார்.

பாகூரில் டாக்டரின் கொட்டகையில் அவர் பெண்சாதி அமுதம் கிடந்தாள். வயிறு பலகையாகிவிட்டது. விரல் வைத்தால் அமுங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வயிற்றைத் திறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திறக்க டாக்டர் இருக்கிறார். திறந்த வயிற்றைப் பிரித்துப் பிடிக்க ஆதிமூலமே இருக்கிறார். மயக்க மருந்து ஊற்றத்தான் ஆள் இல்லை. அது தெரிந்த ரோசம்மாள் கரையாம்புத்தூரில் இருந்தாள். போன வருஷம் ஆதிமூலத்தால் வேலை போனவள். தன்னால்தான் போனது என்பது தனக்கு மட்டும்தான் தெரியும்... அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில், சிங்காரவேலு சொன்ன அன்றைக்கு, எங்களில் ஒருத்தன் கேட்டான்: "ஏம்பா, வெயில்ல வர்ற பேய்க்கு நெழல் வுழுமா?" எல்லாரும் சிரித்தோம். சிங்காரவேலு சிரிக்கவில்லை. "கேளு," என்றார்.

ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

டாக்டர் பேர் மணவாளன். புதுச்சேரியில் படித்தவர். அந்தக் காலத்தில் உத்தியோகக்காரர்களையும் படித்தவர்களையும் 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் மணவாள முசேதான். வயிற்று வலிக்காரனை வண்டியில் போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுபோவதற்குள் பாதிப் பேர் வழியிலேயே போய்விடுகிறார்கள் என்று, பாகூருக்கு வெளியே வெல்லம் காய்ச்சுகிற பழைய கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். வெள்ளை அடித்தார். மேற்கே பெரிய ஜன்னல் வைத்தார். பலா மரத்தில் ஒரு மேசை. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் பாகு வாசனை போகவில்லை. மழைநாளில் சுவரில் கறுப்பாக ஏதோ கசியும். தொட்டால் பிசுபிசுக்கும். மயக்க மருந்தின் வாசனையும் இனிப்புத்தான். இரண்டும் சேர்ந்தால், உள்ளே போகிறவனுக்கு முதலில் வாய் ஊறும். அப்புறம்தான் குமட்டும்.

கத்தி பிடிக்க முசேயால் முடியும். ஆனால் வயிற்றைக் கீறினால் மட்டும் ஆகாது. கீறின இடம் உதடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஆள் நின்று பிரித்துப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு இரும்பு உண்டு. அகலமான தகட்டை நுனியில் மடக்கின மாதிரி, பிடியோடு. அதற்குப் பிரெஞ்சில் ஒரு பேர் சொன்னாராம். ஆதிமூலத்தின் வாயில் அது வரவில்லை. கரண்டி என்றுதான் சொல்வார்.

லாடக்காரரை அவர் பொறுக்கி எடுத்தது அந்தக் கைக்காகத்தான். காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, உதைக்கிற காலை மடக்கி, ஆணி இறங்கி முடிகிறவரை ஆடாமல் பிடிக்கிற கை. முதல் நாளே முசே ஒரு பாடம் சொன்னார். வயிறு என்றால் வெறும் தோல் இல்லை. தோலுக்குக் கீழே மஞ்சள் கொழுப்பு. அதற்குக் கீழே வெள்ளையாக, ராட்டையில் முறுக்கின நூல் மாதிரி உறுதியாக ஒரு விரிப்பு. அதற்குள் நெஞ்செலும்பிலிருந்து அடிவயிறு வரை ஓடுகிற இரண்டு சதைப் பட்டை, நுகத்தில் பூட்டின ஜோடி மாடு மாதிரி. பக்கவாட்டில் மூன்று அடுக்கு சதை, ஒவ்வொன்றின் நாரும் ஒவ்வொரு திக்கில் ஓடும், கயிற்றுக் கட்டிலின் பின்னல் மாதிரி. இத்தனையும் சேர்ந்துதான் உள்ளே இருப்பதைக் காவல் காக்கிறது. ஆள் தூங்கினாலும் அது தூங்காது. மயக்க மருந்து நன்றாக ஏறினால்தான் தளரும். மருந்து குறைந்தால் இறுகும், கரண்டியை வெளியே தள்ளும்.

"வெடுக்குனு இழுக்காதே. இழுத்தா அதுவும் இழுக்கும். ஒடம்ப பின்னால சாச்சுக்கோ. அவசரமில்லாம சாய். அது வழிவிடும்" என்றார்.

ஆதிமூலத்துக்கு அது உடனே புரிந்தது. மாட்டின் காலையும் அப்படித்தான் பிடிப்பார்.

மேசைக்கு வலது பக்கம் முசே நிற்பார். எதிரே, இடது பக்கம், ஆதிமூலம் தன் கரண்டியோடு. முசேயின் பக்கத்துக் கரண்டியைப் பிடிக்க இன்னொரு ஆள் கிடையாது. அதன் பிடியில் ஒரு துணியை முடிந்து, துணியின் மறுநுனியில் ஒரு தராசுப் படிக்கல்லைக் கட்டி மேசைக்குக் கீழே தொங்கவிடுவார்கள். கல்லின் பாரம் அந்தப் பக்கத்தை இழுத்து வைத்திருக்கும். தலைமாட்டில் ரோசம்மாள். மூக்கின் மேல் துணியை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். சிரிக்கத் தெரிந்த பொம்பளை. "ஆதிமூலம், மாட்டுக்கு நாலு காலு, இங்க பிடிக்கிறது ஒண்ணுதான், கூலிய கொறச்சுக்கோ" என்பாள். அவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நிறையப் பேர் பிழைத்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் ஆடி மாசம் முத்துசாமியைக் கொண்டுவந்தார்கள். கரும்பாலையில் கரும்பைத் தள்ளுகிறவன். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை, உருளை தின்றுவிட்டது. மிச்சம் மூன்று விரல். குடல் முறுக்கிக்கொண்டு விட்டது என்றார் முசே. வெளியே அவன் பெண்சாதி காசம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆதிமூலத்தைத் தெரியும் அவளுக்கு. அவர் உள்ளே போகும்போது கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. முறுக்கைப் பிரித்தாயிற்று. கறுத்துப்போன ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். ரத்தக்குழாயை ஆழத்தில் நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் முசே. ஒரு முடிச்சு பாக்கி.

அப்போது தெருக்கோடியில் மேளம் கேட்டது.

அன்றைக்கு அம்மன் வீதி வருகிற நாள். பம்பை, உடுக்கை, நாயனம்... சத்தம் கொட்டகையை நெருங்கியது. ஜன்னலில் சாம்பிராணிப் புகை வந்தது. ஆதிமூலத்துக்குச் சின்ன வயசிலேயே அவர் அம்மா சொல்லி வைத்தது ஒன்று. சாமி தெருவில் வரும்போது கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டுக் கும்பிட வேண்டும். பால் குடமாக இருந்தாலும் சரி. அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அது பழக்கம்தான். உழுகிறவன் ஏரை நிறுத்துவான், சோறு தின்கிறவன் எழுந்து நிற்பான். யோசித்துச் செய்வதில்லை.

அவர் முத்துசாமிக்காகத்தான் வேண்டினார். தாயே, இவனைக் காப்பாத்து என்று மனசுக்குள் சொன்னார். சொல்லும்போதே இரண்டு கையும் சேர்ந்துவிட்டன.

கண் மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை. கரண்டி வழுக்கியது. பிரிந்திருந்த வயிறு பட்டென்று மூடிக்கொண்டது, முசேயின் விரல்களின் மேல். உள்ளே முடிச்சு நழுவியது. ஆதிமூலம் மறுபடி கரண்டியைப் பிடித்துச் சாய்ந்தபோது, உள்ளே பார்க்க எதுவும் இல்லை. கிணறு ஊறுவது மாதிரி ரத்தம் ஊறி நின்றது.

முசே தலையை நிமிர்த்தவே இல்லை. அவருக்குத் தெரிந்தது வயிறு மூடியது மட்டும்தான். "இறுகிடுச்சு... மருந்து கம்மி. ரோசம்மா, இன்னா பண்ற நீ" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் தேடினார். அப்புறம் தேடுவதை நிறுத்தினார்.

மேளம் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

முத்துசாமியைத் துடைக்கும்போதுதான் பார்த்தார்கள். மேசையிலிருந்து சரிந்து தொங்கிய வலது கை, முசேயின் பக்கத்துக் கரண்டியில் கட்டியிருந்த துணியைப் பிடித்திருந்தது. மூன்று விரலால். எப்போது பிடித்தான் என்று யாருக்கும் தெரியாது. விரலைப் பிரிக்க முடியாமல் துணியைக் கத்தரித்தார்கள்.

வெளியே வந்து முசே காசம்மாளிடம் சொன்னார். மருந்து ஊற்றியது போதவில்லை, வயிறு இறுகிவிட்டது. காசம்மாள் எழுந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி ரோசம்மாளின் மேல் தூற்றினாள். ரோசம்மாள் தலைமுடியில் மண்ணோடு அப்படியே நின்றாள். முசேயைப் பார்க்கவில்லை, காசம்மாளைப் பார்க்கவில்லை. ஆதிமூலத்தை ஒரு தடவை பார்த்தாள். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் கரையாம்புத்தூரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். புதுச்சேரியிலிருந்து வேறு ஒருத்தர் மருந்து ஊற்ற வந்து போக ஆரம்பித்தார்.

ஆதிமூலம் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்த நாட்கள் உண்டு. காசம்மாளின் வாசல் வழியாகப் போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு. ஆனால் அதற்குள் வேறொன்று ஆரம்பித்துவிட்டது.

காலையில் கண் விழிக்கும்போது இரண்டு கையும் எதையோ பிடித்த மாதிரி இறுகியிருக்கும். விரலை விரிக்கப் பார்ப்பார். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பாரம் தெரியும். வெடுக்கென்று இல்லை. மெதுவாக... யாரோ உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்கிற மாதிரி. ஒரு நாள் லாடம் அடிக்கும்போது, சாய்த்துக் கட்டின காளை அசையாமல்தான் கிடந்தது. ஆனால் அதன் கால் அவர் கையை விட்டு, அவசரமில்லாமல், எதிர்ப்பக்கம் போனது. மாடு தலையைத் தூக்கித் தன் காலையே பார்த்ததாம். அன்றிலிருந்து அவர் வேலை குறைந்துவிட்டது.

அமுதத்துக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். பிள்ளை இல்லாத வீடு. ஊரில் சிலர் பிள்ளை என்றார்கள். அவளும் கொஞ்சநாள் நம்பினாள். முசே தொட்டுப் பார்த்துக் கட்டி என்றார். வெயில் தணிந்ததும் எடுத்துவிடலாம் என்றார். கட்டி காத்திருக்கவில்லை. அந்தச் சித்திரையில் ஒரு நாள் விடியற்காலையில் உள்ளே முறுக்கிக்கொண்டது. மருந்து ஊற்றுகிறவர் புதுச்சேரியில். ஆள் அனுப்பினால் மறுநாள்தான் வருவார்.

இப்போது அந்த உச்சிப்பொழுதுக்கு வந்துவிட்டோம்.

ரோசம்மாள் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் சொன்னதையெல்லாம் கேட்டாள். எழுந்து கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். வண்டியில் ஏறக் கால் தூக்கினவள் நின்றாள்.

"அன்னிக்கு வயிறு இறுகல, ஆதிமூலம்."

அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். கேக்கணும்னு வர்ல. அமுதத்துக்காக வரன்."

ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். அச்சு மட்டும் கிரீச்... கிரீச்...

கரையாம்புத்தூரிலிருந்து பாகூர் வருவதென்றால் நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லையைத் தாண்ட வேண்டும். சுங்கச் சாவடியில் மூங்கிலைக் குறுக்கே போட்டிருப்பார்கள். சாராயம், துணி, ஏதாவது கடத்துகிறார்களா என்று வண்டியைக் கிளறுவார்கள். அன்றைக்கு ஒரே ஒரு சேவகன், வேப்ப மரத்து நிழலில். வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மூங்கிலைத் தூக்கினான். வண்டி தாண்டின பிறகும் இறக்கவில்லை. தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.

"சீக்கிரம் வரச் சொல்லுப்பா அந்தாள" என்றான்.

"எந்தாளு?"

"பின்னால நடந்து வர்றாரே... ஒங்க ஆளுதானே. துணிய கையில சுத்திக்கினு."

ஆதிமூலம் திரும்பினார். பாதை வெள்ளையாக வெயிலில் கிடந்தது. யாரும் இல்லை. ரோசம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. மாலையை உருட்டுவதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

சேவகன் மூங்கிலை இறக்கின சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது. யாரோ தாண்டிப் போகிறவரை காத்திருந்து இறக்கின மாதிரி.

கொட்டகைக்கு வரும்போது மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. புருஷன் பிடிக்கக் கூடாது என்றுதான் முசே நினைத்தார். ஆனால் வேறு கை இல்லை. அமுதத்துக்குப் பேச்சு போய்விட்டது. கண் மட்டும் அவரைத் தொடர்ந்து வந்தது. ரோசம்மாள் துணியை மூக்கில் வைத்தாள். இனிப்பு வாசனை எழுந்தது. பலகை மாதிரி இருந்த வயிறு, ஆதிமூலத்தின் கண்ணெதிரே, மெதுவாகத் தளர்ந்தது.

தோல். மஞ்சள். வெள்ளை விரிப்பு. இரண்டு பட்டைக்கு நடுவே முசே போனார். ஆதிமூலம் தன் கரண்டியை வைத்துச் சாய்ந்தார். எதிர்ப்பக்கத்துக் கரண்டியைப் படிக்கல் இழுத்துக்கொண்டது. கட்டி தெரிந்தது. கறுநீலமாக, பனங்காய் அளவில்.

அந்தத் தடவை கை எடுப்பதில்லை என்று அவர் தீர்மானம். அம்மனே நேரில் வந்து நின்றாலும் எடுப்பதில்லை.

பாதியில்... தொப்.

மண் தரையில் ஏதோ விழுந்தது. ஆதிமூலம் கண்ணை மட்டும் திருப்பினார். படிக்கல். முடிச்சு அவிழ்ந்து கீழே கிடந்தது. எதிர்ப்பக்கம் ஒரு கணம் மூடிக்கொண்டு வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நின்றது. பிறகு மறுபடி விரிய ஆரம்பித்தது. மெதுவாக. வெடுக்கென்று இல்லாமல்.

கல் இல்லாத துணி விறைத்து நின்றது. கீழே தொங்கவில்லை. கரண்டியின் பிடியிலிருந்து சாய்வாக, முசேயின் இடுப்புக்குப் பக்கமாக, வெறும் காற்றில் நீண்டு நின்றது. ஒரு ஆளின் கை உயரத்தில் அதன் நுனி கசங்கிச் சுருண்டிருந்தது. அதற்கு அப்பால் வெள்ளைச் சுவரும் வெயிலும்தான்.

முசேயின் கண் உள்ளேயே இருந்தது. "நல்லாப் பிடிக்கிற" என்றார். கட்டியின் காம்பைக் கட்டினார். அறுத்தார். கட்டியைத் தூக்கித் தொட்டியில் போட்டார். அந்தச் சத்தத்துக்குக்கூட ஆதிமூலம் அசையவில்லை. அவர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் சாய்ந்துகொண்டே போனது. தேவைக்கு மேல். வயிற்றின் விளிம்பு வெளுத்து, மெலிந்து, நாரின் இழைகள் தெரிய ஆரம்பித்தன.

"போதும், எடு" என்றார் முசே. ஆதிமூலம் தன் கரண்டியை எடுத்தார். முசே தன் பக்கத்துக் கரண்டியை எடுக்கப் போனார். வரவில்லை. அழுத்திப் பார்த்தார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு விளிம்புகளைச் சேர்க்கப் பார்த்தார். சேரவில்லை. இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் வரவில்லை.

"இறுகிடுச்சு. ரோசம்மா, ஊத்து."

"முசே, இதுக்கு மேல ஊத்துனா மூச்சு நின்னுடும்."

"ஊத்துன்னு சொல்றன். அன்னிக்கும் இப்படித்தான்."

ரோசம்மாள் குப்பியைச் சாய்க்கவில்லை. அமுதத்தின் தாடைக்குக் கீழே அவள் விரல் இருந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி ஆதிமூலத்தைப் பார்த்தாள். மண்ணோடு நின்ற அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

முசே கையை நீட்டி அவளிடமிருந்து குப்பியை வாங்கினார். மூடியைத் தானே திறந்தார்.

"முசே" என்றார் ஆதிமூலம். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "முசே... வயிறு இறுகல. அன்னிக்கும் இறுகல. அம்மன் போனப்ப நான் கரண்டிய வுட்டுட்டு கும்புட்டன். அக்கா சரியாத்தான் ஊத்துனாங்க. முத்துசாமிய நான்தான் வுட்டன்."

ஜன்னலில் ஒரு ஈ இரைந்தது.

எதிர்ப்பக்கத்துக் கரண்டி ணங்கென்று தரையில் விழுந்தது.

விளிம்பு இரண்டும் தானாக, தூங்கப்போகிறவன் உதடு மாதிரி, சேர்ந்துகொண்டன. முசே குப்பியை மூடி வைத்தார். ஆதிமூலத்தைப் பார்க்கவில்லை. ஊசியை எடுத்தார். சவ்வு, வெள்ளை விரிப்பு, தோல், ஒவ்வொன்றாகத் தைத்து முடித்தார். முடித்த பிறகு குனிந்து கீழே கிடந்த கரண்டியை எடுத்தார். துணியின் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. ரத்தம் இல்லை. ரொம்ப நேரம் இறுக்கிப் பிடித்து, உள்ளங்கை வேர்த்து நனைந்த ஈரம்.

துணியை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டார். அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

இவ்வளவுதான். மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

மணவாள முசே அந்த வருஷமே கொட்டகையைக் காலி செய்தார். ரோசம்மாளைத் தேடிப் போய்த் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். அவள் மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள், வரவில்லை. அவர் கப்பல் ஏறிச் சைகோனுக்குப் போனார். அங்கேயே இறந்தார். ரோசம்மாள் கரையாம்புத்தூரில் பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டு, கிழவியாகிச் செத்தாள்.

காசம்மாளிடம் ஆதிமூலம் நேரில் போய்ச் சொன்னார். அவள் கேட்டாள். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் முகத்தில் விழிக்கவில்லை. மகன் இருந்த ஊருக்கே போய்விட்டாள்.

அமுதம் பிழைத்தாள். ரொம்ப வருஷம் இருந்தாள். தழும்பு நேராக ஆறிவிட்டது. அதற்கு வலது பக்கம் மட்டும் மூன்று பள்ளம், விரல் பதித்த மாதிரி. குளிப்பாட்டின பெண்கள் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை பிறக்கவில்லை.

ஆதிமூலத்துக்கு அன்றிலிருந்து கை சேரவில்லை. கோவிலில் கும்பிடப் போவார். இரண்டு கையும் ஒரு சாண் இடைவெளியில் நின்றுவிடும். அதற்கு மேல் வராது. சாமி தெருவில் வந்தால் வீட்டுக்குள் போய்விடுவார். லாடம் அடிப்பதை விட்டு, கூலிக்குப் புல் அறுத்துப் பிழைத்தார். அமுதத்துக்கு முன்னால் அவர் போனார். ஒரு ஐப்பசி மாசம், தூக்கத்தில்.

பிணத்துக்குக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள் இல்லையா. கட்டப் போனவர் சிங்காரவேலுவின் அப்பா, தம்பிக்காரர். கை விறைக்கவில்லையாம். துணி மாதிரி தளர்ந்துதான் இருந்ததாம். இரண்டையும் நெஞ்சின் மேல் கொண்டுவந்து சேர்த்தார், விரலில் நூலைச் சுற்றினார். சுற்றும்போதே வலது கை விலக ஆரம்பித்தது. அவர் பிடித்து இழுத்தார். எதிர்ப்பக்கம் யாரும் இழுக்கவில்லை.

சாய்ந்தார்கள் என்றார் சிங்காரவேலு. அவசரமில்லாமல்.